தண்ணீர் மறுக்கும் மழலை





இத்தகைய விழா மேடைகளில் ஆன்மாவைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் உரைகள் நிகழ்வது வழக்கம். இவ்வுரையின் பொருளோ ஒரு சிறு தம்ளர் தண்ணீர். ஒன்றரை வயதுக் குழந்தை அதனை ஏன் மறுக்கிறது, மறுக்கும் குழந்தையை எவ்வாறு அருந்தச் செய்வது என்பதே இங்குப் பேசப்படுவது. பொருள் எளிது போலத் தோன்றலாம். ஆயினும் சித்திரை வெயிலில் வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் ஆரணியிலும் மழலையை வளர்க்கும் எந்தத் தாயும் இதனை எளிதென்று சொல்ல மாட்டாள். "காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை" என்று மருமகள் கலங்குவதும், "இரண்டு அதட்டு அதட்டினால் குடிக்கும்" என்று மாமியார் சொல்வதும், இடையில் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்புவதும் பல இல்லங்களில் அன்றாடக் காட்சி.

தாயின் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். வளர்ந்தவர் உடலில் அது ஐந்தில் மூன்று பங்கு அளவினது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவரைவிட மிகுதி. ஆதலால் வியர்வையாலும் மூச்சாலும் நீர் விரைந்து வெளியேறுகிறது. காய்ச்சலோ பேதியோ வந்துவிட்டால் பெரியவர் இரண்டு நாள் தாங்கும் இழப்பை மழலை அரை நாளும் தாங்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாகம் எடுத்தாலும் அதனைத் தாகம் என்று பிரித்தறிந்து சொல்லும் மொழி அதனிடம் இல்லை. அது சிணுங்கும், கையில் உள்ளதை வீசும், தரையில் புரளும். பெரியவர்கள் அதனைப் பசி என்பார்கள், தூக்கம் என்பார்கள், கண்ணேறு என்றும் சொல்வார்கள்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இங்குச் சொல்லப்படும் எதுவும் பொருந்தாது என்பதை முதலிலேயே குறிப்பிடுதல் வேண்டும். அப்பருவத்தில் தாய்ப்பால் ஒன்றே உணவும் நீரும் ஆகும். கோடையிலும் தனியே தண்ணீர் தேவையில்லை. முதிராத சிறுநீரகத்தால் மிகுதியான நீரை வெளியேற்ற இயலாது. அதனால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புக்கூட வரலாம். வெயிலாக இருக்கிறதே என்று இரண்டு பாலாடை தண்ணீர் ஊற்றும் பாட்டிமாரின் அன்பு இவ்விடத்தில் தவறிவிடுகிறது. ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு தொடங்கும்போது தண்ணீரும் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். இவ்வுரை குறிப்பாகக் கருதுவது ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள மழலைகளை.

எவ்வளவு வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க நாட்டு மருத்துவ அறிஞர் குழு 2004 ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி இப்பருவக் குழந்தைக்கு உணவிலும் பானத்திலுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர் நீர் போதும். அதில் அருந்தும் பொருள்களாகச் செல்ல வேண்டியது ஏறத்தாழ 900 மில்லி லிட்டர். எஞ்சியது சோற்றிலும் பழத்திலும் காயிலும் கலந்தே சென்றுவிடும். குழந்தை மருத்துவர்கள் 1957 முதல் கையாளும் மற்றொரு கணக்கும் உண்டு. எடையில் முதல் பத்து கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மி.லி., அடுத்த பத்து கிலோவில் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மி.லி. என்பது அது. பதினோரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 1,050 மி.லி. ஆகும். கோடையில் இன்னும் சற்றுக் கூடும்.

இந்த எண்களைக் கண்டு தாய் அஞ்சத் தேவையில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் கவலையில் பாதி கரைந்துவிடும். 900 மி.லி. அருந்த வேண்டிய குழந்தை 400 மி.லி. பால் அருந்துகிறது என்று கொள்வோர் மீதி 500 மி.லி. தேட வேண்டும். நண்பகலில் நீர்மோர் 100 மி.லி., ரசமோ பருப்புத் தண்ணீரோ சாதத்துடனும் தனித்துமாக 100 மி.லி. சென்றுவிட்டால் தண்ணீராகத் தர வேண்டியது 300 மி.லி. மட்டுமே. அதனை ஆறு வேளையாகப் பகிர்ந்தால் வேளைக்கு 50 மி.லி. அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு சிறு டவராவின் அடியில் கிடக்கும் அளவுதான் அது. பெரியவர் காப்பி அருந்தும் எவர்சில்வர் தம்ளரை நிரப்பி நீட்டும் தாய், குழந்தையின் ஒரு வேளைப் பங்கைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஒரே நேரத்தில் கேட்கிறாள். குழந்தை மறுப்பதில் வியப்பில்லை.

போதிய நீர் சென்றதா என்பதை அளவுக் குவளையைவிடச் சிறுநீர் தெளிவாகக் காட்டும். நாளில் ஐந்தாறு முறையேனும் கழிந்து, நிறம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் கவலையில்லை. நிறம் அடர்ந்து மணம் மிகுந்தாலோ, மலம் உருண்டையாகி முக்கினாலோ நீர் போதவில்லை என்று பொருள். பகல் முழுதும் டயாபர் அணிவிக்கும் வழக்கம் இந்த அறிகுறியைத் தாயின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. பழைய வேட்டித் துணியைக் கட்டிய காலத்துத் தாய்மாருக்கு எளிதில் தெரிந்தது, இன்று கையில் எடுத்து எடை பார்த்தால்தான் தெரிகிறது. வீட்டில் இருக்கும் நாட்களில் சில மணி நேரமேனும் அதனை நீக்கி வைத்தால் கண்டுகொள்ளலாம்.

இனி, மறுப்பின் காரணங்கள். முதற்காரணம் பெரும்பாலும் பால். நாள் முழுதும் பால் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "தண்ணீரே குடிப்பதில்லை" என்று வருந்துவோர் பலர். வயிறு நிறைந்த குழந்தைக்குத் தண்ணீரில் நாட்டம் எப்படி வரும்? ஒரு வயதுக்குப் பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் பால் போதும். அதற்கு மிகுந்தால் சோறும் குறையும். இரும்புச் சத்தும் குறைந்து சோகை தோன்றும். புலால் உண்ணாத சமண இல்லங்களில் கீரையாலும் பயறாலும் சிறுதானியத்தாலும் கிடைக்க வேண்டிய இரும்பைப் பால் இடம் அடைத்துத் தடுத்துவிடுமாதலால், இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது காரணம் விளையாட்டு. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தம்ளர் ஒரு தடை, அவ்வளவே. மூன்றாவது, இப்பருவத்துக்கே உரிய "வேண்டாம்" என்னும் சொல். ஒன்றரை வயதில் குழந்தை தான் வேறு, தாய் வேறு என்பதைக் கண்டுகொள்கிறது. அந்தக் கண்டுபிடிப்பை அது சோதித்துப் பார்க்கும் களங்களுள் முதன்மையானது வாய். உடையை மாற்றுவதும் தூக்கிச் செல்வதும் பெரியவர் கையில் இருக்க, விழுங்குவது மட்டும் குழந்தையின் ஆட்சியில் இருக்கிறது. அந்தச் சிறு ஆட்சியைப் பறிக்க முயலும்தோறும் எதிர்ப்பு வளரும்.

நீரே பிடிக்காமல் போவதும் உண்டு. கொதித்து ஆறிய நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுவதால் அது சப்பென்று இருக்கும். காப்பியை ஆற்றுவதுபோல் இரு தூய பாத்திரங்களுக்கிடையே நான்கு முறை ஆற்றினால் சுவை திரும்பிவிடும். நெகிழிப் புட்டியின் வாடையைச் சில குழந்தைகள் வெறுக்கும். இன்னும் சில குழந்தைகளுக்கு மெல்லிய நீர் வேகமாகத் தொண்டைக்குள் பாய்ந்து புரையேறிய அச்சம் இருக்கும். அவை சற்றுக் கெட்டியான மோரையும் கஞ்சியையும் அருந்தும். நீரைக் கண்டால் விலகும். எப்போதும் நன்கு அருந்திய குழந்தை திடீரென மறுத்தால் வாய்ப்புண்ணோ தொண்டை வலியோ இருக்கிறதா என்று பார்த்தல் முறை.

இங்குச் சங்கினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை நீட்டி அமர்ந்து, குழந்தையை அதன் மேல் மல்லாக்கக் கிடத்தி, கைகளை அழுத்தி, அழும் வாயில் சங்கால் ஊற்றிப் புகட்டுவது தமிழ் மண்ணில் பன்னெடுங்காலப் பழக்கம். சிலர் மூக்கையும் பிடிப்பர். இவ்வாறு செய்த தாய்மாரும் பாட்டிமாரும் கொடியவர் அல்லர்; குழந்தை பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பில் செய்தவர்கள். ஆயினும் இவ்வழக்கம் தொடரத் தக்கதன்று. அழும் குழந்தை இடையிடையே பெருமூச்சை உள்ளிழுக்கும். அந்நேரம் ஊற்றிய நீர் உணவுக் குழாய்க்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் செல்லலாம். அதனால் நுரையீரலில் அழற்சி ஏற்படும். மூச்சுத் திணறி உயிருக்கே கேடு வரவும் கூடும். உடலுக்குக் கேடு நேராவிட்டாலும் உள்ளத்தில் ஒரு பதிவு விழுகிறது. தம்ளரைக் கண்டாலே அடக்கிப் பிடிக்கப்படுவோம் என்று குழந்தை அறிந்துகொள்கிறது. இன்று புகட்டிய அரைச் சங்கு நீர், நாளை தானே அருந்தியிருக்கக் கூடிய அரைத் தம்ளரைத் தடுத்துவிடும். ஓரறிவுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நீரை வடித்து அருந்தும் இல்லத்தில், ஐந்தறிவும் மனமும் உடைய மழலையின் மூக்கைப் பிடிப்பது பொருந்துமா என்பதைப் பெரியோர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சங்கும் பாலாடையும் தம்மளவில் குற்றமற்றவை. குழந்தையை நிமிர்த்தி மடியில் அமர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் பொருத்தி, குழந்தை தானே உறிஞ்சும்படி சாய்த்துப் பிடித்தால் அது நல்ல கருவி. கழுவுதற்கு அரிய பால் புட்டியைவிடத் தூய்மையானதும்கூட. ஒரு வயது கடந்த பின் புட்டியை மெல்ல விலக்கித் திறந்த தம்ளருக்குப் பழக்குவதே நலம். இரவில் சர்க்கரை சேர்த்த பாலைப் புட்டியுடன் வாயில் வைத்துத் தூங்கும் குழந்தையின் முன்பற்கள் அரித்துப் போவதைப் பல் மருத்துவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

வற்புறுத்தாமல் அருந்தச் செய்வது எங்ஙனம்? முதலில், நீரை நாளின் நிகழ்ச்சிகளோடு பிணைத்துவிடல் வேண்டும். எழுந்து முகம் கழுவியதும் இரண்டு வாய். ஒவ்வோர் உணவின் முடிவிலும் சில வாய். வெளியே விளையாடித் திரும்பியதும், குளித்து முடித்ததும், பகலில் உறங்கி எழுந்ததும் மீண்டும் சில வாய். குளித்ததும் தலை துவட்டுவது எப்படிக் கேள்விக்கு இடமின்றி நடக்கிறதோ, அப்படியே இதுவும் நடந்தால் குழந்தை அதனை எதிர்க்க வேண்டிய ஒன்றாகக் கருதாது. "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பதும் கூடாது. அக்கேள்விக்கு இப்பருவத்தின் விடை என்னவென்பது எல்லோருக்கும் தெரியும். "சிவப்புத் தம்ளரிலா, வெள்ளித் தம்ளரிலா?" என்று கேட்டால் குழந்தையின் ஆட்சியும் நிற்கும், நீரும் உள்ளே செல்லும்.

பெயர்சூட்டு விழாவுக்கும் முதற் பிறந்த நாளுக்கும் உறவினர் தந்த சிறு வெள்ளித் தம்ளர்கள் பல வீடுகளில் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவற்றை வெளியே எடுக்க இதைவிட நல்ல காரணம் இல்லை. குழந்தையின் கைக்குள் அடங்குவதும், விழுந்தாலும் உடையாததும், தனக்கே உரியது என்று அது அடையாளம் காண்பதுமான ஒரு பாத்திரம் வேண்டும். அதில் மூன்று விரற்கடைக்கு மேல் நீர் வேண்டியதில்லை. குழந்தை எட்டும் உயரத்தில், முக்காலியின் மேல், மூடிய சிறு சொம்பில் கொஞ்சம் நீரும் அருகே அந்தத் தம்ளரும் எப்போதும் இருக்கட்டும். தானே ஊற்றிக்கொள்ளும், பாதி தரையில் சிந்தும். தரையைத் துடைப்பது மருத்துவமனை வாசலில் காத்திருப்பதைவிட எளிது. விளையாடும் குழந்தையை அழைத்து நிறுத்துவதைவிட, அது ஓடிவரும் வழியில் தம்ளரை வைத்துவிட்டுத் தாய் தன் வேலையைப் பார்த்தல் பெரும்பாலும் பலன் தருகிறது. எவரும் பார்க்கவில்லை என்றால் குழந்தை குடிக்கும்! பார்வையாளர் நால்வர் சூழ்ந்து நின்று கைதட்டினால் குடிக்காது.

மழலைக்கு எல்லாவற்றிலும் சிறந்த ஆசான் எதிரில் அமர்ந்து அருந்துபவரே. தாய் தன் தம்ளரை எடுத்து, ஓசைப்பட ஒரு வாய் அருந்தி, "அப்பாடா" என்று வைத்தால் குழந்தையின் கை தானாகத் தம்ளரை நோக்கி நீளும். அண்ணனோ அக்காளோ இருந்தால் இன்னும் எளிது. பொம்மைக்கு ஊட்டச் சொல்லி, பின் "இப்போது உனக்கு" என்பதும், உறிஞ்சுகுழல் கொடுத்துக் குமிழி விடக் கற்றுத் தருவதும், நீரில் இரண்டு துளசி இலையையோ ஒரு துண்டு வெள்ளரியையோ மிதக்க விடுவதும் தாய்மார் கண்டறிந்த வழிகள். வீட்டில் நீர் வடிக்கும் நேரத்தில் குடத்தின் வாயில் கட்டிய துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளக் குழந்தையை அனுமதிக்கும் பாட்டிமார் உண்டு. தான் பிடித்த துணியில் வடிந்த நீர் என்பதாலேயே அது ஒரு வாய் கேட்கும். பரிசாக மிட்டாய் தருவதாகச் சொல்லிக் குடிக்க வைப்பது மட்டும் வேண்டாம். அதனால் நீர் ஒரு தண்டனை என்றும், மிட்டாய் அதற்கான கூலி என்றும் குழந்தை கற்றுக்கொள்ளும்.

பெரியவரைப் பார்த்துச் செய்யும் இக்குணத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அது சாவக இல்லங்களுக்கே உரியது. தச லட்சண நாட்களிலும் பிற நோன்பு நாட்களிலும் வீட்டில் பெரியோர் நீரும் அருந்தாது உபவாசம் இருப்பர். அன்று வீட்டில் யாரும் தம்ளரைத் தொடுவதைக் குழந்தை காண்பதில்லை. சமையலறையும் அடங்கியிருக்கும். இரண்டரை வயதுக் குழந்தை "பாட்டி குடிக்கவில்லை, நானும் வேண்டாம்" என்று சொல்லும்போது கேட்பவர் பூரிப்பது இயல்பே. ஆனால் விரதம் என்பது அறிந்து ஏற்பது. அறியாப் பருவத்து மழலையின் மறுப்பு விரதம் ஆகாது. அது பார்த்ததைச் செய்தல் மட்டுமே. அத்தகைய நாட்களில் நோன்பு இல்லாத ஒருவர், தந்தையோ சித்தியோ, குழந்தையின் முன் அமர்ந்து தாமும் அருந்தி அதற்கும் தருவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நன்று.

இரவுண்ணாமையைப் பேணும் இல்லங்களில் கதிரவன் மறைவதற்குள் அடுப்பு அணைந்துவிடும். குழந்தையோ எட்டு, ஒன்பது மணி வரை விழித்து விளையாடும். பிற வீடுகளில் இரவுச் சாப்பாட்டோடு ரசமாகவும் மோராகவும் செல்லும் நீர் இங்கே மாலை ஆறு மணிக்கு முன்பே சென்றாக வேண்டும். ஆகையால் பகல் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட பொழுதில் கஞ்சியோ பழமோ நீரோ இருமுறை தருவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அதற்குப் பின்னும் குழந்தை தாகத்தால் கேட்டால், நோன்பு பெரியவருக்கே உரியது என்று தெளிந்து தயங்காமல் தருதல் வேண்டும். பெரும்பாலான பாட்டிமார் அவ்வாறே தருகிறார்கள்.

நீரை வடித்து அருந்தும் வழக்கத்தைப் பற்றி ஒரு செய்தி. பங்களாதேசத்தின் மத்லப் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள், பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிக்கும்படி கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். காலராக் கிருமிகள் நீரில் உள்ள நுண்ணிய மிதவை உயிர்களை ஒட்டி வாழ்வதால், அவ்வுயிர்கள் துணியில் தங்கிவிட, காலரா நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003 ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வு கூறியது. உயிரிரக்கத்தால் தோன்றிய ஒரு வழக்கம் உடலையும் காத்திருக்கிறது என்று மகிழ இடமுண்டு. ஆனால் பாதி குறைந்தது என்றால் பாதி எஞ்சியது என்பதும் பொருள். துணிக்கு அகப்படாத கிருமிகள் எத்தனையோ. ஆதலின் மழலைக்குத் தரும் நீர் வடித்ததோடு நில்லாமல் குமிழி எழக் கொதித்து ஆறியதாகவும், மூடி வைத்ததாகவும், கை விடாமல் நீண்ட காம்புள்ள அகப்பையால் முகந்ததாகவும் இருத்தல் வேண்டும்.

தண்ணீரைத் தவிர என்னென்ன தரலாம் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சமையலறையே விடை. நீர்த்த மோர், உப்பிட்ட அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், காரமில்லா ரசம், இளநீர், நுங்கு, தர்பூசணி, வெள்ளரி, சாத்துக்குடிச் சுளை, குழைந்த தயிர்ச் சாதம், சுரைக்காய்க் கூட்டு என்று அடுக்கலாம். பழத்தைப் பிழிந்து சாறாகத் தருவதைவிடப் பழமாகவே தருவது நன்று. சாறு தருவதானால் ஒரு வயதுக்கு முன் வேண்டாம். மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மி.லி. அளவை மிஞ்ச வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017 இல் அறிவுறுத்தியது. தேநீரும் காப்பியும் மழலைக்கு ஆகா. தேநீர் உணவின் இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கும். தேன் கலந்த நீரைப் பிற இல்லங்களில் தருவதைக் கண்டு சிலர் மயங்குவர். சமண இல்லத்தில் தேன் விலக்கப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் அதனைத் தரலாகாது என்பதை மருத்துவமும் கண்டிப்பாகச் சொல்கிறது. அட்சய திருதியை அன்று ஆதி பகவன் கருப்பஞ்சாற்றால் பாரணை செய்ததை நினைந்து குழந்தைக்கும் ஒரு வாய் தர விரும்புவோர், தெருவண்டியின் பனிக்கட்டி கலந்த சாற்றை விடுத்துக் கரும்பை வீட்டில் தூய்மையாகப் பிழிந்து தருவார்களாக.

இதுவரை சொன்னவை நலமாக இருக்கும் குழந்தைக்கு. பேதியும் வாந்தியும் கண்ட நாளில் நிலைமை வேறு. அன்று பொறுமையோடு விழிப்பும் வேண்டும்.

1971 ஆம் ஆண்டு பங்களாதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் குவிந்த அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பின் வழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் அளந்து நீரில் கரைத்து, அதனை வாய்வழி அருந்தக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளுக்கு அதனைக் குவளையில் ஏந்தி ஊட்டியவர்கள் பெரும்பாலும் அவரவர் உறவினர்களே. நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022 இல் மறைந்தார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று வழங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் கதை இதுவே. குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. வெறும் நீர் தங்காத குடலில் இக்கரைசல் தங்குவதன் காரணம் அதுதான்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பொட்டலம் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து தீங்கு செய்யும். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதே பெயரைத் தாங்கி அட்டைப் பெட்டிகளில் வந்த இனிப்புப் பானங்கள் பல தாய்மாரை ஏமாற்றின. உரிய கலவை இல்லாத பானங்களுக்கு அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 இல் உத்தரவிட்டது.

ஒவ்வொரு முறை நீராகப் போன பின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கரைசல் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. தண்ணீரே மறுக்கும் குழந்தை இதனை எப்படி அருந்தும் என்ற மலைப்பு எழலாம். தம்ளரை மறந்து தேக்கரண்டியை எடுப்பதே வழி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. சென்றுவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னிலும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய் அயர்ந்தால் தந்தையும், அவர் அயர்ந்தால் தாத்தாவும் கரண்டியை ஏற்கலாம். இரவில் இவ்வேலைக்கு முறை வைத்துக்கொள்ளும் வீடே பிழைக்கத் தெரிந்த வீடு. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. "வயிற்றைக் காயப் போட்டால் பேதி நிற்கும்" என்பது பழைய பிழை. துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லியபடி பதினான்கு நாளும் தருதல் வேண்டும். பேதி நின்றதும் நிறுத்திவிடுவோரே மிகுதி.

கரண்டியை வைத்துவிட்டு உடனே புறப்பட வேண்டிய நிலையும் உண்டு. குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடத்தல், எதையும் விழுங்க இயலாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், அழுதும் கண்ணீர் வாராமை, கண் குழிதல், மலத்தில் இரத்தம், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்ல மெல்லத் திரும்புதல், ஆறு மணி நேரத்துக்கு மேலாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியையோ கிடைத்த வண்டியையோ பிடித்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைக்கு விழுங்கும் தெம்பு இருக்குமாயின் வழி நெடுகிலும் கரைசலை ஊட்டிக்கொண்டே செல்லலாம். கடைசியாகச் சிறுநீர் கழிந்தது எத்தனை மணிக்கு, காலையிலிருந்து எத்தனை முறை பேதி ஆயிற்று, எவ்வளவு கரைசல் உள்ளே சென்றது என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை தாயின் கையிலேயே இருக்கும்.